தண்டவாளம் ஒருத்தருடையது, வண்டி ஒருத்தருடையது: பழைய ரயில் தடம் தேடிப் போன அனுபவங்கள்

கிஸ்திப்பேரன்:

மாயவரம்–முத்துப்பேட்டை லைன், 1894. போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு, ஓட்டியது எஸ்.ஐ.ஆர். என்கிற சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி. இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அகலப்பாதை வேலைக்காக மீட்டர்கேஜை, அதாவது ஒரு மீட்டர் அகலத் தடத்தை, பிடுங்கிப் போட்டிருந்த சமயம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷன். ஓடு சரிந்த கட்டடம், டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் ஓர் ஆடு. படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டை ஒட்டிய வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர், "என்னா தம்பி, ரயில்வேயா?" என்றார். இல்லைங்கய்யா, பழைய எஸ்.ஐ.ஆர். லைனையெல்லாம் தேடிப் பார்க்கிறேன் என்றேன். அவ்வளவுதான், மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எஸ்.ஐ.ஆராவது ஒண்ணாவது. எங்க பாட்டன் கிஸ்தியோட சேர்த்துக் கட்டுன காசு தம்பி இந்த ரயில் ரோடு."

உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியோடு வந்தார். வேட்டித் துணியில் சுற்றிய கிஸ்தி ரசீதுகள். ஒன்றை எடுத்து, மடிப்பில் கிழிந்துவிடாமல் உள்ளங்கையில் விரித்து, நகத்தால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். ரயில் போடுவதற்காக ஜில்லா போர்டு நிலவரியோடு வசூலித்த செஸ். அதைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒருத்தர் வீட்டுப் பெட்டியில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. கைபேசியில் ஒரே ஒரு படம் எடுத்தேன், அதற்குள் பெட்டியை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், தொகை இருக்கும் இடத்தில் சரியாக என் கட்டைவிரல் நிழல். பொங்கல் கழித்து மறுபடி போனேன். மகன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். நான் ரயில்வே ஆள், கொல்லையை அளக்க வந்தவன் என்று அப்பாவுக்குச் சந்தேகமாம். அந்தப் பெட்டியை இனி யாரிடமும் திறக்க மாட்டாராம்.

ஜோலார்பேட்டைக்காரன்:

பெரியவர் சொன்னது பாதிதான் சரி. தடம் தஞ்சாவூர் ஜில்லா போர்டு சொத்து, வாஸ்தவம். ஆனால் எஞ்சின், பெட்டி, டிரைவர், ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாம் எஸ்.ஐ.ஆர். போர்டிடம் ஒரு தள்ளுவண்டிகூட இருந்திருக்காது. ஒப்பந்தம் போட்டு எஸ்.ஐ.ஆர். எடுத்து நடத்தியது. இதையே சிலர் "ஓட்டும் உரிமை" என்று எழுதிவிடுகிறார்கள், அது தப்பு. எடுத்து நடத்துவது குத்தகை மாதிரி. ஓட்டும் உரிமை என்றால் அடுத்தவன் தடம், அடுத்தவன் சிக்னல், அதன் மேல் நம் வண்டி போய் வரும்.

அதற்கு உதாரணம் எங்கள் ஊர்தான். 1908 தொடக்கத்தில் பழைய மெட்ராஸ் ரயில்வேயைப் பிரித்தார்கள். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வரை எம்.எஸ்.எம். (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே) கம்பெனிக்குப் போனது. ஜோலார்பேட்டைக்கு மேற்கே சேலம், போத்தனூர் வழியாக மங்களூர் வரை எஸ்.ஐ.ஆருக்கு. மேற்கே இருந்து வரும் எஸ்.ஐ.ஆர். வண்டி சென்னையைத் தொட வேண்டுமே? அதற்குத்தான் எம்.எஸ்.எம். தடத்தில் ஓட்டும் உரிமை.

என் அம்மாவின் தாத்தா எஸ்.ஐ.ஆரில் ஃபயர்மேனாக இருந்தவர். நான் அவரைப் பார்த்ததில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைப் பக்கம் டூட்டி விழுந்தால் முதல் நாளே வேட்டி சட்டையைத் துவைத்துக் காயப்போடுவாராம். ஏன் என்று கேட்டால், "மாமியார் வீட்டுக்குப் போறோம்ல" என்பாராம். எம்.எஸ்.எம். தடத்தில் இருக்கும் அரக்கோணத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். எனக்கு என்னவோ அதில் சிரிப்பு வருவதில்லை. அகலப்பாதையின் ஐந்தடி ஆறங்குலம் அங்கேயும் அதே ஐந்தடி ஆறங்குலம்தான், இரண்டு கம்பிக்கும் ஒரே துருதான். அதன் மேல் ஒரு மனிதன் தண்ணீர் குடிக்காமல் போயிருக்கிறான்.

நாகை டேப்பு:

நான் தேடுவது பழசிலும் பழசு. நாகப்பட்டினம்–தஞ்சாவூர் 1861, திருச்சி 1862, கிரேட் சதர்ன் ரயில்வே கம்பெனி போட்டது. போட்டபோது அகலப்பாதை. 1875-இல் மீட்டராகக் குறுக்கினார்கள். அப்புறம் நம் காலத்தில் மறுபடி அகலம். அப்படியானால் முதல் அகலப்பாதையின் அடையாளம் எங்காவது இருக்க வேண்டும் அல்லவா?

ஒரு வாய்க்கால் பாலம். கர்டர் புதுசு, ஆனால் ஓரத்தில் கைவிட்ட ஒரு செங்கல் கட்டு நிற்கிறது. மீட்டர்கேஜுக்கு இவ்வளவு அகலம் எதற்கு என்று தோன்றியது. முழங்கால் தண்ணீரில் இறங்கி டேப் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க மாடு மேய்க்கிற பையன் ஒருவன் வந்தான். ஒரு பக்கம் அளந்து எழுதிவிட்டேன். மறுபக்கம் போகும்போது பையன், "அண்ணே பாம்பு" என்று டேப்பை விட்டான். டேப் வாய்க்காலோடு போயிற்று. பாம்பும் இல்லை, கீரைத்தண்டு. என் நோட்டில் இன்றைக்கும் ஒரு பக்கத்து அளவு மட்டும்தான் இருக்கிறது.

ஜோலார்பேட்டைக்காரன்:

நாகை டேப்பு, இரண்டு பக்கமும் அளந்திருந்தாலும் அது ஒன்றும் சாட்சி ஆகாது. பின்னால் இரட்டைப்பாதை வரும் என்று நினைத்து அகலமாகக் கட்டியிருக்கலாம். பழைய கட்டை இடித்துவிட்டுப் பிறகு கட்டியதாகவும் இருக்கலாம். செங்கல்லின் அளவையும் சுண்ணாம்பையும் பார்க்காமல் 1861 என்று சொல்லக்கூடாது.

நாகை டேப்பு:

நான் எங்கே சொன்னேன்? கேள்விதானே கேட்டேன். ஓட்டும் உரிமைக்கும் குத்தகைக்கும் வித்தியாசம் சொன்னவர் கேள்விக்கும் தீர்ப்புக்கும் வித்தியாசம் பார்க்கக்கூடாதா?

அம்மாச்சி வீடு காரைக்கால்:

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பேரளம்–காரைக்கால், 1898. தடம் பிரெஞ்சு சர்க்காருடையது, ஓட்டியது எஸ்.ஐ.ஆர். ஜோலார்பேட்டைக்காரர் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று தெரியவில்லை.

அம்மாச்சிக்குக் கல்யாணம் ஆகி காரைக்காலுக்கு வந்த புதுசு, 1950 வாக்கில். பிறந்த வீட்டுக்குப் போய்விட்டுப் பேரளத்தில் ஏறினாள். மடியில் ஒரு எவர்சில்வர் தூக்கு. வழியில் பிரெஞ்சு எல்லைச் சோதனைக்காக வண்டி நின்றது. தொப்பி போட்ட ஆள் ஒருவர் பெட்டிக்குள் ஏறி ஒவ்வொருத்தர் மூட்டையாகத் திறக்கச் சொன்னார். அம்மாச்சி தூக்கைத் திறக்க மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தங்கம் என்று நினைத்திருப்பார். கடைசியில் பக்கத்தில் இருந்த கிழவி மூடியைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே அவளுடைய அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய். திறந்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிடும் என்றுதான் மறுத்திருக்கிறாள். அந்த ஆள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

"வண்டி மாறலை, எஞ்சின் மாறலை, நான் உக்காந்த பலகைகூட மாறலை. ஆனா ஊறுகாய்க்குக் கணக்குச் சொல்லணும்" என்பாள் அம்மாச்சி.

எங்கே நின்றது வண்டி என்றுதான் எனக்கு இன்றைக்கும் தெரிய வேண்டும். அம்பகரத்தூர் ஸ்டேஷனுக்கு முன்னாலா, பின்னாலா? அவள் ஒரு நாள் முன்னால் என்பாள், ஒரு நாள் பின்னால் என்பாள். இப்போது கேட்கவும் வழியில்லை. அந்தத் தடத்தில் அகலப்பாதையும் போட்டாகிவிட்டது.

மண்மேடு:

மொரப்பூர்–தர்மபுரி குறும்பாதை, 1906, இரண்டரை அடி அகலம், பஞ்சத்தை முன்னிட்டுப் போட்ட லைன். தண்டவாளம் கிடந்த மண்கரையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்தேன். கடைசியில் ஏரிக் கலங்கலில், உபரித் தண்ணீர் வழிகிற இடத்தில், போய் முடிந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, "தண்ணி போற வழியில ரயிலைத் தேடுறீங்களே சார்" என்றது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எல்லோரும் அடிப்படையே தெரியாமல் தேடுவதால் சில விஷயம் சொல்லியாக வேண்டும். ஏரிக்கரை தண்ணீர் மட்டத்தைப் பார்த்து வளையும், ஒரு பக்கம்தான் பள்ளம் இருக்கும். ரயில் கரைக்கு மண் எடுத்த பள்ளம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும், கரை திடீரென்று ஏறாது இறங்காது. மேட்டை வெட்டிப் போகும், தாழ்வை நிரப்பிப் போகும். இதை அன்றைக்கே யோசித்திருந்தால் கலங்கல் வரை போயிருக்க மாட்டேன்.

அப்புறம் வரைபடம். செயற்கைக்கோள் படத்தில் தடம் தெரியாவிட்டாலும் வயல் வரப்பு காட்டிக்கொடுத்துவிடும். எல்லா வயலும் ஒரு திசையில் சதுரமாக இருக்க, நடுவில் சாய்வாக ஒரு கோடு வெட்டிக்கொண்டு போனால் நின்று பாருங்கள். கிராம வரைபடத்திலும் எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தக) ஸ்கெட்சிலும் நாடா மாதிரி நீளமாக, ஒரே அகலத்தில் ஒரு சர்வே எண் இருக்கும். நிலத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், ரோடு போட்டிருக்கலாம், வீடுகூடக் கட்டியிருக்கலாம். எண்ணின் வடிவம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். கிராமத்து நிலங்களின் 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, பழைய பொதுப்பணித்துறை அரசாணைகளில் ரயில்வே கோப்புகள் உண்டு. ஒரு மைலுக்கு ஓர் அங்குல டோபோ ஷீட் (நில அமைப்பு வரைபடம்), பழைய பதிப்பாகக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஊர்க்காரர்களிடம் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "ரயில் எங்கே நின்னுச்சு, கேட் எங்கே இருந்துச்சு" என்று கேளுங்கள். தெருப்பெயரைப் பாருங்கள், ரயிலடித் தெரு, பழைய ஸ்டேஷன் ரோடு. மாட்டுக்கொட்டகைத் தூணைப் பாருங்கள், பாதி தூண் பழைய கம்பிதான். துருவைத் தேய்த்தால் கம்பியின் இடுப்பில் செய்த கம்பெனி பெயரும் வருஷமும் புடைப்பாக இருக்கும். ஆனால் அந்த வருஷம் கம்பி செய்த வருஷம், லைன் திறந்த வருஷம் அல்ல. வேறு எங்கோ ஓடித் தேய்ந்த கம்பியைக் கிளைப்பாதைக்குப் போடுவது வழக்கம். ஓடுகிற லைனில் இறங்கி நடக்க வேண்டாம், ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவு, பிடித்தால் அபராதம் உண்டு, ஜெயிலும் உண்டு. கடைசியாக கிஸ்திப்பேரனுக்கு: ஆவணம் என்றால் எப்போதும் மூன்று படம் எடுக்க வேண்டும், வெளிச்சத்துக்கு எதிரே நிற்கக்கூடாது.

கிஸ்திப்பேரன்:

ஆலோசனை கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. இருந்தாலும் சரி.

போடி கடைசி ஸ்டேஷன்:

மதுரை–போடி. 1928-இல் போட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010-இல் அகலப்பாதைக்காக மறுபடி பிடுங்கினார்கள். 2022-இல் தேனி வரை வந்தது, 2023-இல் போடி வந்தது.

முதல் வண்டி வந்த அன்று தாத்தாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போனோம். தொண்ணூறு தாண்டியவர். கூட்டம், மேளம், மாலை. எல்லோரும் வண்டியைப் பார்க்க, இவர் குனிந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்னப் பையனாக இருந்தபோது கம்பியை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனதைப் பார்த்தவராம். "மூணாவது தடவை போட்டுருக்கான்டா. இதையாவது விட்டுவைக்கிறானான்னு பார்ப்போம்" என்றார். பக்கத்தில் நின்ற ரயில்வே அதிகாரி ஒருவர் காதில் விழுந்துவிட்டது. அவர் சங்கடமாகச் சிரித்தார்.

தர்மபுரி லைனையும் யுத்தம்தான் முடித்தது. மண்மேடு அதைச் சொல்லவே இல்லையே.

மண்மேடு:

யுத்தம் ஒரு சாக்கு. பக்கத்திலேயே திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறும்பாதையைப் பாருங்கள், 1905-இல் போட்டு 1936-இலேயே மூடிவிட்டார்கள். அப்போது எங்கே யுத்தம்? பஸ் வந்தது. மொரப்பூரில் இறங்கிச் சாமானை இன்னொரு குட்டி வண்டிக்கு மாற்றி ஏற்றுவதற்குள் பஸ் தர்மபுரி போய்த் திரும்பியிருக்கும். 1941-இல் கம்பி தேவைப்பட்டதும் நஷ்டத்தில் ஓடுகிறதை முதலில் பிடுங்கினார்கள், அவ்வளவுதான்.

போடி கடைசி ஸ்டேஷன்:

பஸ் போடிக்கும்தான் வந்தது. பிறகு ஏன் திரும்பப் போட்டார்கள்? ஏலக்காய்க்கும் மலைச்சரக்குக்கும் ஒரு தேவை இருந்தது. நீங்கள் எல்லா லைனையும் ஒரே தராசில் நிறுக்கிறீர்கள்.

அம்மாச்சி வீடு காரைக்கால்:

கிஸ்திப்பேரன், அந்தப் படத்தை இங்கே போடுங்களேன். விரல் நிழலோடுதான் இருக்கட்டும். பழைய தமிழ் எண் என்றால் எங்கள் அப்பா படிப்பார்.

கிஸ்திப்பேரன்:

போட்டிருக்கிறேன். ரூபாய் இடம் காலி, அணா இடத்தில் ஒரு சுழி தெரிகிறது. மற்றது நிழலில். வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் மூன்று பை (ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை) மாதிரி இருக்கிறது, குறைத்துப் பார்த்தால் ஆறு பை மாதிரி இருக்கிறது.