கார்டியன் என்று கையெழுத்திட்டவர் வந்தாரா? இங்கிலாந்து விடுதிப் பள்ளி அனுபவங்கள்

பதினோராம் கட்டில்:
பிப்ரவரி அரைப்பருவ விடுமுறை. வெள்ளி மதியம் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். எனக்கு வயது 14. பெற்றோர் வெளிநாட்டில் இருந்தால், அங்கே பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்தான் கார்டியன்; எனக்கு அது ஒரு நிறுவனம். அந்த நிறுவனம் அனுப்பிய டாக்சி ஓட்டுநரின் கையிலிருந்த தாளில் என் அப்பாவின் பெயர் இருந்தது. "இது நீதானே?" என்றார் விடுதிக் காப்பாளர். தலையாட்டினேன். வேறு யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. இறங்கிய வீட்டில் கதவைத் திறந்த பெண்மணி, "நாளைக்குத்தானே வருவதாகச் சொன்னார்கள்?" என்றார். காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் மிதியடியிலேயே நின்றேன். பச்சை மிதியடி. பிறகு ஒரு வாரம் நன்றாகவே சாப்பிட்டேன், குறை சொல்லக் கூடாது.

கோவை அம்மா:
நிறுவனம் என்றால் இப்படித்தான். அதனால்தான் நாங்கள் என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பியைக் கார்டியனாகப் போட்டோம். நவம்பரில் மகளுக்குக் குடல்வால் அழற்சி. பள்ளி அழைத்தபோது அவர் துபாயில். இங்கிலாந்தில் நள்ளிரவு, எனக்குக் கோவையில் விடியற்காலை ஐந்தரை. அறுவைக்குச் சம்மதம் கேட்டார் மருத்துவர், கொடுத்தேன். "பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்றேன். "மேட்ரன்" என்றார், விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். அந்த அம்மையாரின் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது. இருந்தாலும் உறவே மேல்.

மாடியறை:
கோவை அம்மா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு வருடமாக இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டில் தங்கவைக்கிறேன். போன அக்டோபரில் வந்த சிறுவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க மூன்று நாளும் அனுமதி கேட்டான். என் கதை அவ்வளவுதான். ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி நம் வழக்கில் சித்தப்பா. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்துக்கு அவர் நெருங்கிய உறவே அல்ல. 16 வயது நிறையாத பிள்ளை அவர் வீட்டில் 28 நாளோ கூடுதலாகவோ தங்குவதானால் உள்ளூர் நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். கார்டியன் என்பது பெயரளவில்தான், பெற்றோரின் சட்ட உரிமை அவருக்கு வந்துவிடாது. ஆகவே மருத்துவர் உங்களைக் கேட்டதுதான் சரி. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விடுதிப் பள்ளிகளுக்கான தேசியக் குறைந்தபட்சத் தரங்களில் கார்டியனுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பெற்றோரே ஆளைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த ஏற்பாடு பிள்ளைக்கு நல்லதா என்று பள்ளி பார்க்க வேண்டும். நிறுவனத்தைத் தேடினால், கார்டியன் நிறுவனங்களை ஆய்வுசெய்து அங்கீகரிக்கும், 1994இல் தொடங்கிய ஏஜிஸ் (AEGIS) அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்களைச் சேர்த்துக்கொள்ளுமுன் எங்கள் கார்டியன் நிறுவனத்தார் குற்றப் பின்னணிச் சோதனை செய்தார்கள், படுக்கையறையைப் பார்த்தார்கள், நாயின் குணத்தைக்கூட விசாரித்தார்கள்.

கோவை அம்மா:
என் மகளுக்கு இப்போது 19 வயது. நான் அறிவுரை கேட்கவில்லை.

பதினோராம் கட்டில்:
மாடியறை, சட்டமெல்லாம் சரி. உங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளை காலணியை எங்கே கழற்ற வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்?

மாடியறை:
நான்தான். வாசலில் அலமாரி இருக்கிறது. அவன் வருமுன்பே ஒரு தட்டைக் காலிசெய்து வைத்துவிடுவேன்.