‘தன்னிச்சைத் துளைப்பு’ வேண்டாம், ‘பித்தநாளத் தன்பொத்தல்’

> கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் நாளம் குழந்தைகளுக்குத் தானாகவே ஓட்டையாவதை (spontaneous perforation of the bile duct) ‘தன்னிச்சைப் பித்தநாளத் துளைப்பு’ என்போமா?

வேண்டாம் ஐயா. இச்சை என்றால் விருப்பம். நாளத்துக்கு ஏது விருப்பம்? ‘துளைப்பு’ என்றால் துளைத்தவர் ஒருவர் வேண்டும். இங்கே அடிபடவில்லை, கத்தி படவில்லை. குடத்தில் பொத்தல் விழுந்தது என்கிறோமே, அப்படித்தான் விழுகிறது. ‘பித்தநாளத் தன்பொத்தல்’ சரியாக இருக்கும். ‘பித்தக்குழாய்’ என்றால் சிகிச்சைக்கு வைக்கும் குழாயோடு குழம்பும்.

> ‘கசிவு’ எளிதாயிற்றே?

கசிவு விளைவுதான். அறுவைக்குப் பின் தையல்வாயில் ஒழுகுவதும் கசிவே. இந்நோயில் பொத்தல் விழும் இடம் முக்கியம்: பெரும்பாலும் பித்தப்பை நாளம் பொதுப் பித்தநாளத்தோடு சேருமிடத்தின் முன்சுவர். அங்கே சுவர் பிறவியிலேயே நலிந்திருக்கலாம். கீழே கெட்டிப்பட்ட பித்தம் அடைத்து அழுத்தம் ஏறியிருக்கலாம். கணைய நாளம் முறைதவறி இணைந்து கணைய நீர் மேலேறியிருக்கலாம்.

வயிற்றில் பித்தநீர் சேருவதை ‘அழற்சி’ என்று மட்டும் சொன்னால் காய்ச்சலும் கல்போன்ற வயிறும் வரட்டும் என்று காத்திருப்பார்கள். பல கைக்குழந்தைகளுக்கு வயிறு மெல்ல உப்பும், மஞ்சள் காமாலை ஏறி இறங்கும், மலம் வெளிறும். தொப்புளிலோ விதைப்பையிலோ குடலிறக்க வீக்கத்திலோ பச்சை நிறம் தெரிந்தால் உடனே சந்தேகிக்க வேண்டும். வயிற்றில் நீர் கோப்பதைக் குறிக்கும் பழைய ‘மகோதரம்’ இதற்குப் பொருந்தும்: பித்த மகோதரம். ஊசியால் எடுத்த நீரில் பிலிருபின் (பித்தத்தின் மஞ்சள் நிறமி) இரத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும். பித்தம் போகும் வழியைக் கதிரியக்க மருந்தால் காட்டும் ஹைடா (HIDA) ஸ்கேனில் அந்த மருந்து வயிற்றறையில் பரவினால் நோய் உறுதி.

> அப்படியானால் சிகிச்சை ‘பொத்தல் அடைப்பு’தானே?

அதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். கைக்குழந்தையின் நாளம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அகலம். அழற்சியில் ஊறிய சுவரில் தையல் போட்டால் கிழியும். ஆறினாலும் நாளம் சுருங்கிப்போகும். பொத்தலைத் தேடித் தோண்டினால் குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பக்கத்துப் போர்ட்டல் சிரைக்கு ஆபத்து. சொல்லே அந்த வேலைக்குத் தூண்டக் கூடாது. ‘பித்த வடிப்பு’ என்போம்.

முதலில் சிரைவழி நீரும் ஆண்டிபயாடிக்கும். பிறகு அறுவையில் பித்தப்பை வழியே சாயம் செலுத்திப் படமெடுத்து, குடலுக்குப் போகும் கீழ்வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பித்தப்பையில் ஒரு குழாய், கல்லீரலுக்கு அடியில் ஒரு வடிகுழாய். பெரும்பாலும் அதுவே போதும். பொத்தல் தானே மூடிக்கொள்ளும். 2, 3 வாரம் கழித்து அதே குழாயில் மறுபடம். சாயம் வெளியே ஒழுகாமல் குடலுக்குள் இறங்கினால் குழாயை அடைத்துப் பார்த்து, பின் எடுக்கலாம்.

> நாளம் பைபோல் விரிந்திருந்தால்?

அப்போதும் முதலில் வடிப்புதான். அழற்சி அடங்கிய பிறகு அந்த நாளப்பையை அகற்றி, ஈரல் நாளத்தைச் சிறுகுடலோடு இணைக்க வேண்டும்.