'தி ஹங்கர் கேம்ஸ்' படித்து ஆங்கிலச் சொல்வளம் பெருக்குவது: எந்தச் சொல்லைக் குறித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது?

புதுவாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த நான், இப்போது கல்லூரி முதலாண்டில் எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். சொல்வளம் பெருக வேண்டுமானால் நாவல் படிக்க வேண்டும் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னதால், சுசான் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலைக் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். கதை என்னை இழுத்துக்கொண்டுவிட்டது. பனெம் என்னும் நாட்டின் தலைநகரம், தனக்கு அடங்கிய பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் குலுக்கல் முறையில் எடுத்துச் சென்று, ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்வதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறது என்பது எனக்கு அகராதி இல்லாமலேயே புரிந்துவிட்டது.

தெரியாத சொல் வரும்போதெல்லாம் கைப்பேசியில் பொருள் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். முதல் சில அத்தியாயங்களிலேயே பக்கங்கள் நிரம்பிவிட்டன. ஆனால் நேற்று எழுதிய சொல்லை இன்று பார்த்தால் பொருள் நினைவுக்கு வருவதில்லை. சில சொற்கள் அகராதியில் இல்லவே இல்லை. 'ட்ரிப்யூட்' என்ற சொல்லுக்கு அஞ்சலி என்று பொருள் போட்டிருக்கிறது. விளையாட்டுக்குப் பிடித்துச் செல்லப்படும் பிள்ளைகளை ஏன் அந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்று விளங்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று படிப்பதா, நிற்காமல் கடந்து போவதா? அல்லது இந்த நூலே என் நிலைக்கு அதிகமா? நூலகப் பிரதி என்பதால் பக்கத்தில் கோடு போடவும் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதுகிறார்:

அம்மா, உங்கள் நோட்டில் இருக்கும் சொற்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. அவை எல்லாவற்றுக்கும் ஒரே உழைப்பைச் செலவிடுவதால்தான் களைப்பு மிஞ்சுகிறது, சொல் மிஞ்சவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கொடுங்கோல் ஆட்சி நடக்கும் ஓர் எதிர்கால உலகத்தைப் படைக்கும் நாவல், அந்த உலகத்துக்கென்று சில சொற்களையும் படைத்துக்கொள்ளும். மாக்கிங்ஜே, ஜாபர்ஜே, டிராக்கர் ஜாக்கர், ஏவாக்ஸ் ஆகியவை அவ்வகையின. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த சிறுவனுக்கும் முதல் தடவை அவை புரிந்திருக்காது என்பதால், அவற்றை விளக்கும் பொறுப்பை நூலே ஏற்றுக்கொள்கிறது. டிராக்கர் ஜாக்கர் என்பது ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட குளவி, கூட்டைக் கலைத்தவரை விடாமல் துரத்திக் கொட்டும் என்று கதைசொல்லியான காட்னிஸ் உங்களுக்குச் சொல்லிவிடுவாள். இத்தகைய சொல் வந்தால் அகராதியைத் தொடாதீர்கள். விளக்கம் அதே பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோ இருக்கும். நோட்டிலும் எழுத வேண்டாம், ஏனெனில் இந்த நாவல் வரிசைக்கு வெளியே அவற்றை நீங்கள் சந்திக்கப் போவதில்லை.

பழைய சொல்லைப் புதிய வேலைக்கு அமர்த்தியிருக்கும் இடங்கள்தான் உங்களைக் குழப்புகின்றன. 'ரீப்பிங்' என்றால் கதிர் அறுப்பது. இங்கே பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிலிருந்து பலியைத் தேர்ந்தெடுக்கும் நாள். நீங்கள் கேட்ட 'ட்ரிப்யூட்' செய்தித்தாளில் அஞ்சலி என்ற பொருளில் வருவது உண்மைதான். ஆனால் அச்சொல்லின் பழைய பொருள், தோற்ற அரசன் வென்றவனுக்குச் செலுத்தும் திறை. கிளர்ச்சி செய்து தோற்ற மாவட்டங்கள் பொன்னுக்கும் யானைக்கும் பதிலாகத் தம் பிள்ளைகளையே திறையாகக் கட்டுகின்றன என்று வைத்துப் பாருங்கள், வாக்கியம் தானே திறந்துகொள்ளும். ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவுக்குத் திறையாக அனுப்ப நேர்ந்த கிரேக்கத் தொன்மக் கதை தன் நாவலுக்கு ஒரு தூண்டுதல் என்று காலின்ஸ் கூறியிருக்கிறார். 'டெசரே' என்ற சொல்லுக்கும் இதே கதைதான்: அகராதி அதைத் தரையில் பதிக்கும் சிறு வண்ணக்கல் என்று சொல்லும், ஆனால் பண்டைய ரோமில் தானியம் வாங்குவதற்கான வில்லைக்கும் அந்தப் பெயர் இருந்தது. நாவலில் ஏழைப் பிள்ளைகள் தானியத்துக்காகவும் எண்ணெய்க்காகவும் தங்கள் பெயரைக் குலுக்கலில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வதற்கு இப்பெயர் வந்தது அந்த வழியில்தான். அகராதியில் முதல் பொருளோடு நின்றுவிடாமல், இரண்டாம் மூன்றாம் பொருளையும் பார்க்கும் பழக்கத்தை இச்சொற்களை வைத்தே தொடங்கலாம்.

மற்றவற்றில், நாவலைவிட்டு வெளியே வந்த பிறகும் உங்களுக்கு உதவக்கூடியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளுங்கள். ரெபெல்லியன், ட்ரீட்டி, ஸ்பான்ஸர் போன்றவற்றை நாளைக்கே ஒரு செய்தியில் பார்ப்பீர்கள். பொறுக்குவதற்கு முன் ஊகித்துப் பார்ப்பதும் அவசியம். பன்னிரண்டு மாவட்டங்கள் தோற்கடிக்கப்பட்டன, பதின்மூன்றாவது 'ஆப்லிட்டரேட்டட்' என்று ஓரிடத்தில் வருகிறது. மீதியிருப்பவை பன்னிரண்டு மட்டுமே என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே அச்சொல் தோல்வியைவிடக் கொடியதான, இருந்த இடமே தெரியாமல் அழிக்கும் ஒன்றைத்தான் குறிக்க வேண்டும். இப்படி நீங்களே பிடித்த பொருளை அகராதியில் சரிபார்த்தால், அது கைப்பேசி சொல்லிக்கொடுத்த பொருளைவிட நெடுநாள் நிற்கும்.

மொழியியல் ஆய்வு மாணவன் எழுதுகிறார்:

ஐயா சொன்ன பாகுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். ஊகித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கதை படிக்கும்போது சொற்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளுமா என்பதைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வுகளில் ஒன்று, தற்செயலாக இதே வகை நாவலை வைத்துத்தான் நடந்தது. அந்தோணி பர்ஜெஸ் 1962இல் வெளியிட்ட 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில், ரவுடி இளைஞர்கள் ரஷ்ய மொழியிலிருந்து திரித்த குழூஉக்குறிச் சொற்களைப் பேசுவார்கள். சரகி, நேஷன், மெய்ஸ்டர் ஆகிய மூவர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் அந்நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, முன்னறிவிப்பு இல்லாமல் அக்குழூஉக்குறிகளில் 90 சொற்களில் தேர்வு வைத்தார்கள். சராசரியாக 76 விழுக்காடு சரியாக இருந்தது. 1978இல் வெளிவந்த இந்த முடிவைப் பார்த்துவிட்டுத்தான் 'படித்தால் போதும், சொல் தானாக வரும்' என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அந்த வாசகர்களுக்கு மற்ற எல்லாச் சொற்களும் ஏற்கெனவே தெரியும். குழூஉக்குறிகளும் சராசரியாகப் பதினைந்து முறை திரும்ப வந்தன.

இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பவர்களின் நிலை வேறு. ஜப்பானில் ஆங்கிலம் கற்பவர்களிடம் வாரிங், தகாகி இருவரும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், எளிமைப்படுத்திய கதை ஒன்றில் 25 புதுச்சொற்கள் இருந்தன. மூன்று மாதம் கழித்துப் பொருள் எழுதச் சொன்னபோது சராசரியாக நினைவிலிருந்தது ஏறக்குறைய ஒரே சொல். நேற்றைய சொல் இன்று மறக்கிறதே என்று சகோதரி வருந்தத் தேவையில்லை. ஓரிரு முறை மட்டும் பார்த்த சொல் மறப்பதுதான் இயல்பு.

நூல் உங்கள் நிலைக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு எண்ணிப் பார்ப்பதே விடை. அகராதியின் துணையின்றி ஒரு கதை நன்கு புரிய, அதில் வரும் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 250 சொற்கள் என்று வைத்தால், அது பக்கத்துக்கு ஐந்து. பன்னிரண்டு பதின்மூன்று வந்தால் 95 விழுக்காடு. அகராதியும் பொறுமையும் இருந்தால் சமாளிக்கலாம். இருபதுக்கு மேல் என்றால் இப்போதைக்கு எளிய நூலுக்கு மாறுவது நல்லது. நடுவிலிருந்து நாலைந்து பக்கங்களை எடுத்து எண்ணுங்கள். முதல் அத்தியாயத்தை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள், புதிய உலகத்தை அறிமுகப்படுத்தும் சுமை முழுவதும் அங்கேதான் இருக்கும்.

பொறுக்கிய சொற்களை நோட்டில் வரிசையாக எழுதுவதைவிடச் சிறு அட்டைகளில் எழுதுவது மேல். முன்பக்கம் அந்தச் சொல் வந்த வாக்கியம், பின்பக்கம் தமிழ்ப் பொருள். மறுநாள் ஒருமுறை, சில நாள் விட்டு ஒருமுறை, பிறகு இன்னும் இடைவெளி கூட்டி ஒருமுறை என்று, பின்பக்கத்தைப் பார்க்காமல் பொருளைச் சொல்லிப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் ஆங்கி என்ற செயலி இந்த இடைவெளியைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

இரவுவாசகன் எழுதுகிறார்:

மேலே இருவரும் நல்லதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் தங்கை ஒரு நாவலைப் படிக்கிறார் என்பதை இருவருமே பாதி மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அட்டை, எண்ணிக்கை, விழுக்காடு என்று போனால் அது பாடநூலாகிவிடும், பாதியிலேயே நூலகத்துக்குத் திரும்பிவிடும்.

இந்த நாவலில் ஒன்பது ஒன்பது அத்தியாயங்களாக மூன்று பாகங்கள், மொத்தம் 27 அத்தியாயங்கள். அத்தியாயத்தை ஆசிரியர் முடிக்கும் விதமே அடுத்ததைத் திருப்ப வைக்கும். தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த உத்தி தெரியும். அந்த வேகத்தை அகராதியால் வெட்டாதீர்கள். ஒரு பாகம் முழுவதையும் நிற்காமல் படியுங்கள். கதை அறுந்துபோகும் இடத்தில் மட்டும் நின்று பொருள் பாருங்கள். அந்தப் பாகம் முடிந்த பின், உங்களுக்குப் பிடித்த ஓர் அத்தியாயத்துக்குத் திரும்பி வந்து, ஆசிரியர் ஐயா சொன்னபடி ஊகித்தும் பார்த்தும் படியுங்கள். என்ன நடக்கிறது என்பது முன்பே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் சொல்லின் மேல் இருக்கும். பிடித்துப்போய் இரண்டாம் தடவை படிக்கும் இடத்தில் தங்கும் சொற்களுக்கு அட்டை தேவைப்படுவதில்லை என்பது என் அனுபவம்.

காட்டுச் சொற்களையும் ஐயா ஒதுக்கிவிடுவார் போலிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காட்னிஸ் வேட்டைக்காரி. அம்பறாத்தூணியைக் குறிக்கும் 'குவிவர்', கண்ணியைக் குறிக்கும் 'ஸ்நேர்' போன்றவை அவளுக்கு அன்றாடச் சொற்கள் என்பதால் திரும்பத் திரும்ப வரும். ஆய்வு மாணவர் சொன்ன அந்தத் திரும்ப வருதல் இங்கே உழைப்பில்லாமல் கிடைக்கிறது. குவிவர் என்பதற்கு நடுங்குதல் என்ற பொருளும் உண்டு. ஸ்நேர் அரசியல் கட்டுரைகளில் சூழ்ச்சி வலையாக வரும். வில்லும் அம்பும் தேர்வுக்கு உதவாது என்று தள்ளிவிட வேண்டாம்.

இன்னொரு வசதியும் உண்டு. கதை முழுவதையும் காட்னிஸ் தன் வாயாலேயே, நிகழ்காலத்தில் சொல்கிறாள். வாக்கியங்கள் பெரும்பாலும் குறுகியவை. ஆங்கில நாவலுக்குப் புதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் பெரும்பாலான நாவல்கள் இறந்தகாலத்தில் எழுதப்படுபவை என்பதால், அடுத்த நூலை எடுக்கும்போது வினைச்சொற்களின் வடிவம் சற்றே அந்நியமாகத் தெரியலாம்.

புதுவாசகி எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. நடுவிலிருந்து சில பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பத்தை ஒட்டி வருகிறது, ஆகவே இதே நூலைத் தொடரலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். திறை என்ற சொல்லை வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை மறுபடி படித்தபோது, மாவட்டத்தின் மேயர் வாசிக்கும் வரலாறு இப்போதுதான் உறைத்தது. இன்னும் இரண்டு ஐயங்கள். இப்படி நாவல் படிப்பதால் என் பாடநூல்களின் ஆங்கிலமும் எளிதாகுமா? இதை முடித்தபின் இதே வகையில் அடுத்து எதை எடுக்கலாம்?

மொழியியல் ஆய்வு மாணவன் எழுதுகிறார்:

முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால், ஓரளவுக்குத்தான் எளிதாகும். அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. எல்லாத் துறைப் பாடநூல்களிலும் அடிக்கடி வரும் சொற்கள் அவை. அவர் தொகுத்த கல்விசார் நூற்பகுதிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை அப்பட்டியல் அடைத்துக்கொள்கிறது; அதே அளவுள்ள புனைகதைத் தொகுப்பிலோ 1.4 விழுக்காடுதான். ஆகவே அனலைஸ், ஹைப்பாதசிஸ், டிரைவ் (derive) போன்றவற்றை காட்னிஸ் உங்களுக்குக் கற்றுத்தர மாட்டாள். பாடநூலை வைத்துத்தான் அவற்றுக்குத் தனி அட்டைகள் போட வேண்டும். நாவலால் கிடைப்பது வேறு: அடிப்படைச் சொற்கள் கண்ணில் பட்டவுடன் புரிவதும், பக்கங்கள் வேகமாக நகர்வதும், நீண்ட பத்தியைக் கண்டு அஞ்சாமல் இருப்பதும். பாடநூல் முன்னால் உட்காரும்போது அந்த வேகம் கைகொடுக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதுகிறார்:

அடுத்த நூலுக்கு என் பரிந்துரை, லோயிஸ் லவுரி 1993இல் எழுதி, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற 'தி கிவர்'. நீங்கள் இப்போது படிப்பதைவிட மிகவும் சிறிய நூல். இறந்தகால நடையில் எழுதப்பட்டது. அதில் புதிதாகப் புனைந்த சொற்கள் மிகக் குறைவு. ஆட்சியாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த எளிய சொற்களை எடுத்து, அவற்றுக்குள் வேறு பொருளை ஒளித்து வைத்திருப்பார்கள். 'ரிலீஸ்' என்ற சொல் அங்கே எதைக் குறிக்கிறது என்பதை நான் சொல்ல மாட்டேன், நீங்களும் இணையத்தில் தேட வேண்டாம். அச்சொல் வரும் ஒவ்வொரு இடத்தையும் மட்டும் கவனித்துக்கொண்டே போங்கள்.

நூலகப் பிரதியில் கோடு போட முடியாததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பக்க அடையாளத்துக்கு வைக்கும் தாளையே நீளமாக வெட்டிக்கொண்டு, அதில் பக்க எண்ணையும் சொல்லையும் மட்டும் குறித்து வாருங்கள். பொருளை அப்போது எழுத வேண்டாம். ஒரு பாகம் முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால், மூன்று நான்கு முறை இடம்பெற்ற சொல் எது என்பது உடனே தெரிந்துவிடும். அட்டை போட வேண்டியது அதற்குத்தான்.