10 வயது மகனுக்கு ஐசிடி (உடலுக்குள் வைக்கும் ஷாக் கருவி): தோலடி வகை வைத்த பெற்றோரின் அனுபவம் தேவை

என் மகனுக்கு ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. இதயத் தசை, பெரும்பாலும் மரபணுக் கோளாறால், தடித்துப்போகும் நோய். இரண்டு வாரத்திற்கு முன் பள்ளி மைதானத்தில் ஓடும்போது சுருண்டு விழுந்தான், இதயம் நின்றுவிட்டது. ஆசிரியர் உடனே நெஞ்சை அழுத்தி, பள்ளியில் இருந்த ஏஇடி கருவியால் ஷாக் கொடுத்ததால்தான் பிழைத்தான். அந்த மனிதர் எங்களுக்குத் தெய்வம்.

ஒரு வருடமாகவே ஓடினால் தலைசுற்றல், ஒருமுறை மயக்கம். வலிப்பு என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், எக்கோ எடுக்கவே இல்லை. இப்போது எடுத்ததில் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் 24 மி.மீ. தடித்திருக்கிறது. இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். மரபணுப் பரிசோதனை முடிவு வரவில்லை. தங்கையின் எக்கோ இப்போதைக்கு நார்மல், ஆனால் வளர வளரத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டுமாம்.

ஐசிடி அவசியம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த வகை என்பதில்தான் சிக்கல். ஒரு மருத்துவர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் வயர் விடும் வகை என்கிறார். பிள்ளை வளரும்போது வயர் இழுபடும், உடையலாம் என்பது எங்கள் பயம். இன்னொருவர் தோலடி வகையைச் சொல்கிறார். அதில் இதயத்துக்குள் வயர் இல்லை, ஆனால் பேஸ்மேக்கர் வேலையைச் செய்யாது, கருவியும் பெரிது. இவன் ஒல்லி, 27 கிலோதான். இந்த நோயில் இசிஜியின் டி அலையை இன்னொரு துடிப்பாகத் தவறாக எண்ணி ஷாக் கொடுத்துவிடும் அபாயம் உண்டு என்றார்கள். அதற்கான முன்சோதனையில் தேறிவிட்டான். மூன்றாவது கருத்தும் கேட்டோம், முடிவை எங்களிடமே விட்டுவிட்டார்.

இதே வயது, இதே எடையில் தோலடி ஐசிடி வைத்த பிள்ளைக்குத் தேவையில்லாத ஷாக்கோ, கருவி இருக்கும் இடத்தில் தோல் பிரச்சினையோ வந்ததா?