ஓட்டுபவருக்கான கழற்றும் பேக்ரெஸ்ட்: யார் யார் எதைப் பார்த்து வாங்கினீர்கள்?

மீட்டியார் 350, திருச்சி

கடையில் போய் “பேக்ரெஸ்ட்” என்று கேட்டால் பெரும்பாலும் பின்னால் உட்காருபவருக்கானதைத்தான் எடுத்து வைக்கிறார்கள். ராயல் என்ஃபீல்டு மீட்டியாரில் சூப்பர்நோவா வகை வாங்கினால் கம்பெனியே ஒன்று மாட்டித் தருகிறது. அதுவும் பில்லியனுக்கு, அதாவது பின்னால் உட்காருபவருக்குத்தான். நான் தேடியது வேறு: இரண்டு சீட்டுக்கும் நடுவில் நின்று, ஓட்டுகிறவன் இடுப்பைத் தாங்கும் சின்னப் பேட்.

இந்த மாதிரி க்ரூஸர் வண்டிகளில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கும். கால் முன்னே நீண்டுவிட்டால் உடம்பின் எடையைக் காலால் வாங்க முடியாது. பள்ளம் வரும்போது சற்று எழும்பிக்கொள்ளவும் முடியாது, அடி நேராக வால் எலும்பில்தான் இறங்கும். திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர். விழுப்புரம் வருவதற்குள் இடுப்பு பின்னுக்குச் சரிந்து, முதுகு கூனிவிடுகிறது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலைந்தபோது மூன்று வகை கண்ணில் பட்டது. ஒன்று, பின் கேரியரிலிருந்து முன்னால் நீண்டு வருவது. அதை மாட்டினால் பில்லியன் சீட்டே காலி, தனியாகச் சுற்றுகிறவர்களுக்கு மட்டும் சரி. இன்னொன்று, பில்லியன் சீட்டைச் சுற்றி பெல்ட் போட்டு இறுக்குவது. மலிவு, ஆனால் சாய்ந்தால் நழுவுகிறது. முதுகுக்குப் பின்னால் ஆடுகிற பொருளை நம்பிச் சாய யாருக்கு மனம் வரும்? மூன்றாவது, சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டிலேயே ஒரு பிராக்கெட்டை உட்காரவைத்து, இரண்டு சீட்டின் இடுக்கு வழியாக மேலே ஒரு சொருகு குழாய் மட்டும் தெரிகிற மாதிரி வருவது. பேட்டின் கம்பியை அதில் இறக்கி, பிடித்துவைக்கும் பின்னைப் (pin) போட்டால் முடிந்தது. வேண்டாம் என்றால் பின்னை இழுத்துத் தூக்கிவிடலாம்.

நான் வாங்கியது மூன்றாவது. கடைக்காரர் பேட்டின் மென்மையைத்தான் அமுக்கி அமுக்கிக் காட்டினார். நான் பார்த்தது பின்னை. கையுறையோடு கழற்ற முடிகிறதா, மாட்டிய பிறகு கம்பி ஆடுகிறதா, இவ்வளவுதான். மெத்தை சரியில்லை என்றால் எந்த சீட் கவர் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். பிராக்கெட் சரியில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

பின்சீட்டுக்காரி, மதுரை

ஓட்டுகிறவர்கள் மட்டுமே பேசுகிறீர்கள். பின்னால் உட்காருகிறவள் சொல்வதையும் கேளுங்கள்.

எங்கள் வீட்டுக்காரர் சூப்பர் மீட்டியார் 650-இல் இந்தப் பேட்டை மாட்டினார். நான் சுடிதார் போட்டால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவேன், புடவை என்றால் ஒருபக்கமாக. இரண்டுக்கும் பேட் தருகிற தொல்லை வேறு வேறு. கால் தூக்கிப் போடும்போது பேட் பெரிதாகக் குறுக்கே வராது. ஆனால் உட்கார்ந்த பிறகு பேட்டின் பின்பக்கம் என் வயிற்றில் இடிக்கும். பின்பக்கம் மெத்தை இல்லாமல் வெறும் தகடாக இருந்தால் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும் தெரியும். ஒருபக்கமாக உட்கார்ந்தால் வலது கையால் அவர் தோளையோ இடுப்பையோ பிடிப்பது வழக்கம். நடுவில் பேட் நின்றால் இடுப்பு எட்டாது.

இன்னொன்று. அவருக்கு மாட்டிக்கொடுத்த பட்டறையில், பிராக்கெட்டுக்கு இடைஞ்சல் என்று சீட்டின் குறுக்கே இருந்த பிடிப்பட்டையைக் கழற்றப் பார்த்தார்கள். நான் விடவில்லை. பில்லியன் பிடித்துக்கொள்ள ஓட்டுநர் சீட்டின் பக்கவாட்டிலோ பின்னாலோ நிரந்தரப் பிடி இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. விதியை விடுங்கள், பிடிக்க ஒன்றும் இல்லாமல் நான் எப்படி உட்காருவது? கடைசியில் பட்டைக்குக் கீழே இறங்குகிற மாதிரி வேறு பிராக்கெட் கிடைத்தது. இப்போது கோயிலுக்கும் கடைக்கும் போகும்போது பேட் வீட்டு ஷூ ரேக்கில் கிடக்கிறது. அவர் தனியாகத் தனுஷ்கோடி போகும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறார். கழற்ற முடியாததை வாங்கியிருந்தால் என்னைத்தான் கழற்றியிருப்பார்!

கிளாசிக் 350, கோவை

மதுரை அக்கா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். பேட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பின்னால் உட்காருகிறவரையும் கூட்டிப்போவது நல்லது.

என் வண்டிக்குக் கடையில் எதுவும் ஒத்துவரவில்லை, அதனால் கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் செய்யச் சொன்னேன். கோவையில் இது ஒரு வசதி, வரைந்து கொடுத்தால் மாலையில் கையில் இருக்கும். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டையை வளைத்து, பில்லியன் சீட்டைப் பிடிக்கும் போல்ட் துளைகளுக்கே பொருந்தும்படி அடித்தார்கள். அப்புறம் பவுடர் கோட்டிங். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் வெல்டிங் வைக்கவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பற்றவைத்த சூட்டில் கம்பியின் பலம் மாறும், இன்சூரன்ஸ்காரருக்கும் கேள்வி எழும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. போல்ட்டில் நின்று போல்ட்டோடு வந்துவிடும் பேட்டுக்கும், சேஸை வெட்டி ஒட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

செய்கிறவர்களுக்குச் சில அளவுக் குறிப்புகள். அளவெடுக்கும்போது ரைடிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஜாக்கெட்டின் முதுகுக் காப்புப் பலகை தடிமனானது, சட்டையோடு அளந்தால் பேட் உங்களை டேங்க் பக்கம் தள்ளிவிடும். முன்னே தள்ளினால் எடை மணிக்கட்டில் ஏறும், முதுகுவலி போய்க் கைவலி வரும். பேட்டின் மேல்விளிம்பு தோள்பட்டை எலும்புக்கு நன்றாகக் கீழேயே நிற்கட்டும். பெல்ட் கட்டும் இடத்திலிருந்து சற்று மேலே வரை தாங்கினால் போதும். உயரத்துக்கு வரிசையாகத் துளைகள் போட்டுவைத்தால் சீட் ஃபோம் அமுங்கிய பிறகு இறக்கிக்கொள்ளலாம். நட் எல்லாம் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட், சாதாரண நட் இந்த அதிர்வில் கழன்றுவிடும். பிராக்கெட்டும் சீட்டின் அடித்தகடும் தொடும் இடத்தில் ரப்பர் வாஷர். இல்லாவிட்டால் கிளிங் கிளிங் என்று வழியெல்லாம் சத்தம்.

கோல்டுவிங், டெக்ஸாஸ்

இங்கே ஓட்டுநர் பேக்ரெஸ்ட் சகஜமான பொருள். ஹோண்டா கோல்டுவிங், ஹார்லி டூரிங் வண்டிகளுக்கு அதற்கென்றே மவுண்ட் கிட் கிடைக்கிறது. ஊரில் கிடைக்காத ஒரு வசதி, பேட் முன்பக்கமாக மடங்குவது. பின்னால் ஆள் ஏறும்போது மடக்கி, ஏறியதும் நிமிர்த்திவிடலாம். கோவை நண்பர் பட்டறையில் ஒரு கீல் சேர்த்துப் பாருங்களேன். ஆனால் கீலில் ஆட்டம் விழுந்தால் மொத்தமும் வீண்.

பிசியோதெரபிஸ்ட், நாகர்கோவில்

எல்லோரும் வாங்கத் துடிக்கிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். நிமிர்ந்தோ பின்னால் சாய்ந்தோ உட்காரும் வண்டிக்குத்தான் இது உதவும். ஹேண்டிலை நோக்கிக் குனிந்து ஓட்டும் வண்டியில் முதுகு பேட்டைத் தொடவே தொடாது. அதற்குப் பணம் செலவழிப்பதை விட ஹேண்டில்பாரை உயர்த்துவது பலன் தரும்.

சாய்மானம் இருக்கிறதே என்று நிறுத்தாமல் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். தாங்கி முதுகுத் தசையின் வேலையைக் குறைக்கும், இடுப்பு மூட்டும் பின்தொடையும் இறுகுவதைத் தடுக்காது. மணிக்கொரு முறை இறங்கி நடக்கத்தான் வேண்டும். காலில் மரமரப்போ, வலி பின்தொடை வழியாகக் கீழே இறங்குவதோ இருந்தால் அது பேட் விஷயமே இல்லை. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலைச்சாலையிலும் கழற்றிவிடச் சொல்வேன். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே சீட்டில் முன்னும் பின்னும் நகர்ந்துதான் வண்டியைச் சாய்க்கிறோம். பேட் ஆளை ஒரே இடத்தில் உட்காரவைத்துவிடும்.

மீட்டியார் 350, திருச்சி

டாக்டர் சொன்ன மலை விஷயம் உண்மை. அடிவாரம் காரவள்ளியில் டீ குடிக்க நிற்கும்போதே நான் உருவிப் பைக்குள் போட்டுவிடுவேன். அங்கேயும் அந்தப் பின் (pin) சட்டென்று வர வேண்டும், ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தால் சோம்பேறித்தனத்தில் விட்டுவிடுவோம்.

சிலர் தனியாகக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். சுலபமாகக் கழலும் பேட்டை யாரும் சுலபமாகத் தூக்கிப்போகலாம். பஸ் ஸ்டாண்ட் பைக் ஸ்டாண்டில் வண்டி விட்டால் பேட்டைக் கையோடு எடுத்துப்போகிறேன். அது முடியாத நாளில் பின்னைச் சொருகும் துளையில் சூட்கேஸுக்குப் போடுகிற சின்னப் பூட்டு. துளை எட்டு மில்லி இருந்தால் பூட்டின் வளையம் நுழையும், வாங்கும்போதே பூட்டைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். மழைக்கு மேலே பாலிதீன் உறை போதும். தையல் துளை வழியாகத்தான் தண்ணீர் இறங்கி ஃபோம் ஊறுகிறது. ஒருமுறை ஊறினால் காய நாளாகும்.

கிளாசிக் 350, கோவை

டெக்ஸாஸ் அண்ணா, கீல் பற்றிப் பட்டறையில் கேட்டேன். செய்யலாமாம். ஆனால் நிமிர்ந்து நிற்கும் நிலையில் பூட்டிக்கொள்ளத் தனி லாக் வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது பேட் முன்னால் மடங்கி முதுகில் மோதும் என்றார்கள். உங்கள் வண்டியில் அந்த லாக் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள், காட்டிச் செய்யச் சொல்கிறேன்.