வீட்டைக் காலி செய்தபோது நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகாதது: எழுதுங்கள்

கடைக்குட்டி

அப்பாவும் அம்மாவும் அண்ணனோடு போய் இருக்கப் போகிறார்கள். ரயிலில் போனாலே உடம்பு வலிக்கிற தூரம். வீடு விற்றாயிற்று. எதை வைத்தோம், எதை விட்டோம், யார் யாரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்பதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், விட்டுவிடுகிறேன். தையல் மெஷின் விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

காலால் மிதிக்கிற பழைய மெஷின். யாருக்காவது உபயோகப்படட்டும், கொடுத்துவிடலாம் என்று அப்பாதான் சொன்னார். தெரிந்தவர் மூலமாக ஒரு பெண் வந்தாள். இருபது வயது இருந்தால் அதிகம். மெஷினைத் தூக்குவதற்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாபின் மூடியை நகர்த்திப் பார்த்தாள். பாபினில் பச்சை நூல் பாதி மிச்சம் இருந்தது. அம்மா அதுவரை அறையை விட்டு வெளியே வரவில்லை. மிதிக்கிற சத்தம் கேட்டதும் வந்துவிட்டாள்.

"சக்கரம் பின்பக்கமா சுத்துது பாரு, நூல் அறுந்துடும். முதல்ல கையால உன் பக்கமா ஒரு தள்ளு, அப்புறம் மிதி."

அங்கே ஆரம்பித்தது. தோல் பெல்ட் நாளாக ஆகத் தொய்ந்துபோகும், கொஞ்சம் நறுக்கிவிட்டுக் கம்பியை மறுபடி மாட்டிக்கொள் என்றாள். துணியைப் பின்னாலிருந்து பிடித்து இழுக்காதே, கீழே இருக்கிற பல்லே தள்ளிக்கொண்டு போகும், இழுத்தால் ஊசிதான் உடையும் என்றாள். ராத்திரியில் தைப்பாயா என்று கேட்டு, விளக்கை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துக் காட்டினாள். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டியபடி கேட்டுக்கொண்டாள்.

அன்றைக்குச் சொன்னதில் கால்வாசிகூட எங்களுக்கு அம்மா சொன்னதில்லை. வண்டியில் ஏற்றும்போது அப்பா வாசலுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். "சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாச்சு" என்று உள்ளே போய்விட்டாள்.

நிழல்மரம்

எங்கள் வீட்டில் சாவி. ஒரு தகர டப்பா நிறைய.

மறுநாள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். நான் டப்பாவைக் குப்பைப் பையில் போட்டேன், பெரியப்பா திரும்ப எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய் ஒவ்வொரு பூட்டிலும் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். காலி வீடு என்பதால் அந்தச் சத்தம் எல்லா அறையிலும் கேட்டது. சாமான் ஏற்றுகிறவர்கள் கடைசிக் கட்டிலைத் தூக்கியபடி அவர் நகர்வதற்காக நிற்கிறார்கள். பின்பக்கக் கதவு ஒன்று உண்டு. நாங்கள் பிறந்ததிலிருந்து தாழ்ப்பாள் மட்டும் போட்டுப் பார்த்த கதவு. அதன் பூட்டில் ஒரு சாவி திரும்பிவிட்டது. "பாத்தியா" என்று என்னைப் பார்த்தார்.

வாங்கியவரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தபோது, அந்த ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டி எந்தக் கதவுக்கு உரியது என்று சொன்னார். அந்தச் சுவரையே இடித்துக் கட்டப் போவதாக அவர் எங்களிடம் முன்பே சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கும் அது தெரியும்.

கணக்குப்பிள்ளை

கடைக்குட்டி, அப்பா சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷினை மிதித்தவர் அம்மா. அவரை முதலில் கேட்டிருக்க வேண்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் அப்பாவின் ஆயுதப்பெட்டியை, ரம்பம், உளி, திருப்புளி எல்லாம் சேர்த்து, என் அண்ணன் ஒருவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டான். சாயங்காலம் அப்பா வாசல் பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டும், திருப்புளி எங்கே என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, தன் பெயரைத் தானே கழற்றி எடுத்தார். அவர் கொஞ்சம் குனிந்து, கடைசித் திருகை விரலால் சுற்றி எடுத்தது எனக்கு மறக்காது.

சரி, தூரத்துக்குக் குடிபோகிறவர்களுக்குச் சில விஷயங்கள். யாரும் கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் கடைசி நாளில் கண்டதையும் தெருவில் வைக்கிறார்கள்.

முதலில் கூலி எப்படிக் கணக்காகிறது என்று கேளுங்கள். சில இடத்தில் எடை, சில இடத்தில் அடைக்கிற இடம். விமானத்தில் அனுப்பினால் இரண்டில் எது அதிகமோ அது. ஒரு கன மீட்டர் இடத்தை அடைத்தால் வழக்கமாக 167 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். அதனால்தான் தலையணைக்குப் புத்தகத்தைவிட அதிகம் கொடுக்க நேரும். கப்பலில் இருபது அடி கண்டெய்னருக்குள் சுமார் 33 கன மீட்டர் இடம். கேட்க நிறைய இருக்கும். பீரோவும் கட்டிலும் மேசையும் ஏறிய பிறகு பாருங்கள். பிரித்துக் கட்ட முடிந்ததை எல்லாம் பிரித்துக் கட்டுங்கள், திருகுகளை ஒரு பையில் போட்டு அந்தந்தச் சாமானோடேயே ஒட்டிவிடுங்கள்.

புத்தகத்தைச் சின்னப் பெட்டியில் போடுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் அடி பிய்ந்துகொண்டு எல்லாம் கீழே கொட்டும். காஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய், ஸ்பிரே டப்பா இவற்றைச் சாமானோடு ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. இவற்றை ஒழிப்பதற்கே தனியாக நேரம் வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், ஏற்றிவிடுகிற பெட்டியில் வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியை முந்தின நாளே அணைத்து, பனி உருகி, துடைத்துக் காய விட்டு, நிமிர்த்தியே கொண்டுபோங்கள். பத்திரங்கள், சான்றிதழ்கள், மருத்துவ அறிக்கைகள் உங்கள் கையோடு வர வேண்டும். பழைய ரசீதுகளில் வழவழப்பான தாள் இருக்கும், சூட்டில் எழுத்து வருகிற ரகம். எடுத்துப் பாருங்கள், பாதி வெறும் தாளாகியிருக்கும். மிச்சம் எழுத்து இருப்பதை உடனே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

விற்கிறவர்களுக்கு ஒன்று. நம் சாமானுக்கு நாம் நினைக்கிற விலையை வாங்க வருகிறவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். அவர் ஏமாற்றுகிறார் என்று எண்ண வேண்டாம். உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருக்கு மட்டும் ஒரு கோப்பையைக் கொடுத்து, எவ்வளவுக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்களிடம் எவ்வளவுக்கு வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். விற்கிறவர்கள் சொன்னது ஏறக்குறைய இரு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி என்றால், ஆண்டுக்கணக்கில் புழங்கிய சாமானுக்கு?

மூன்றாம்மாடி

போட்டோ ஆல்பம் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. பக்கத்தில் பசைக் கோடுகள், மேலே பிளாஸ்டிக் தாள், பிரித்தால் டர்ரென்று சத்தம் வரும், அந்த ஆல்பம். பசை மஞ்சளாகிக் கல்லாக இறுகிவிட்டது.

ஒரு படம். கட்டிலில் ஒரு கைக்குழந்தை, பக்கத்தில் பாட்டி. அம்மா அது நான் என்றாள். சித்தி அது நான் என்றாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். பாட்டி கையில் இருக்கிற வளையல் நான் பிறந்த பிறகு வாங்கியது என்று சித்தி சொன்னாள், அந்தக் கட்டில் நீ பிறப்பதற்கு முன்பே போய்விட்டது என்று அம்மா சொன்னாள். கொஞ்ச நேரத்தில் சித்தியின் குரல் மாறிவிட்டது. அம்மாவுக்குக் குழந்தைப் படங்கள் நிறைய உண்டு. சித்திக்கு இருப்பது இது ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பின்பக்கம் தாத்தா ஏதாவது எழுதியிருப்பார் என்று எடுக்கப் பார்த்தோம். மெழுகு இல்லாத டென்டல் ஃபிளாஸ் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல மெள்ள மெள்ள இழுத்தேன். (நூலை விடுவதற்கு முன்னால் படத்தை இருக்கிற நிலையிலேயே ஒரு நல்ல போட்டோ எடுத்துவிடுங்கள், கிழிந்தாலும் ஒன்று மிஞ்சும். வராது என்று தெரிந்தால் அட்டையோடு விட்டுவிடுங்கள்.) இருவரும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி நின்றார்கள். வந்துவிட்டது, முழுசாக. பின்பக்கம் வெறும் வெள்ளை.

இப்போது சித்தி வீட்டில் இருக்கிறது. அம்மா கொடுத்துவிட்டாள். ஆனால் அது யார் என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு பதில்தான்.

கடைக்குட்டி

கணக்குப்பிள்ளை சார், அம்மாவைக் கேட்டோம். "எனக்கென்ன, கண்ணே தெரியல" என்றாள். அதை நாங்கள் சரி என்று எடுத்துக்கொண்டோம். அது சரியா இல்லையா என்று தெரியாததால்தான் இங்கே எழுதினேன். மெஷினைத் தராமல் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் நன்றாகத் தைப்பாள். உங்கள் அப்பாவின் பெயர்ப்பலகை விஷயத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

ஆற்றுமணல்

எங்களுக்கு நடந்தது வேறு மாதிரி. மாமியார் அறையில் இழுப்பறையை அப்படியே கவிழ்த்துக் கொட்டினோம். மருந்து அட்டை, மூக்குக் கண்ணாடி, பழைய காய்ச்சல் மானி. மானி தரையில் பட்டு உடைந்தது. வெள்ளி உருண்டைகள் தரை முழுக்க ஓடின. நாத்தனார் குழந்தை, தவழ்கிற வயது, பளபளப்பைப் பார்த்து நேராக அதை நோக்கி வருகிறாள். மாமியார் கட்டிலில் இருந்தவர், முட்டி வலிக்கு எழுந்திருக்கவே யோசிப்பவர், எப்படி இறங்கினார் என்று தெரியாது, குழந்தையை அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் கணவர் துடைப்பத்தை எடுத்து வந்தார், நான் பிடுங்கி வைத்தேன். பாதரசத்தைப் பெருக்கக் கூடாது, வாக்குவம் கிளீனர் போடவே கூடாது, இன்னும் பொடிப்பொடியாகச் சிதறி ஆவியாகும். ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியேற்றி, கையுறை போட்டு, கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்றாகத் தள்ளிச் சேர்த்து, மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டேன். விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு தரையாக அடித்தால் ஒளிந்திருக்கிற துளிகள் மின்னும். அவற்றை ஒட்டுநாடாவில் ஒற்றி எடுத்தேன். சாக்கடையிலோ சாதாரணக் குப்பையிலோ போடாதீர்கள், ஆபத்தான கழிவு வாங்குகிற இடத்தில் சேருங்கள். 2013இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை வந்து, 2020க்குப் பிறகு பாதரசக் காய்ச்சல் மானியைத் தயாரிப்பதும் ஏற்றுமதி இறக்குமதி செய்வதும் கூடாது என்று முடிவானது. ஆனால் வாங்கி வைத்தவை எல்லாம் இழுப்பறைகளில் இன்னும் கிடக்கின்றனவே. தயவுசெய்து இழுப்பறையைக் கவிழ்க்காதீர்கள். ஒவ்வொன்றாக எடுங்கள்.

அந்த இரண்டு எட்டுக்குப் பிறகு மாமியார் ஒரு வாரம் நடக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டபோது "எப்பவும் இருக்கிறதுதான்" என்றார்.

பழுப்புக்காகிதம்

வீடியோ கேசட் வைத்திருப்பவர்களுக்கு: பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியில் போட்டு ஏற்றாதீர்கள். விசிஆர் தயாரித்துவந்த கடைசிக் கம்பெனியான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருக்கிற மெஷின்கள் ஓடுகிறவரைதான். நாடாவில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் மெஷினில் நுழைக்கவே வேண்டாம், தெரிந்தவர் சுத்தம் செய்து தரட்டும்.

எங்களுடையது மாமா கல்யாணக் கேசட். டிஜிட்டலாக மாற்றி வாங்கிப் போட்டுப் பார்த்தோம். மேடையைவிட எனக்கு மனதில் நின்றது, ஓரத்தில் அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேகமாகக் குறுக்கே போவது. நான் பார்த்ததெல்லாம் மூச்சு வாங்க நடக்கும் அப்பாவைத்தான். தம்பி அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினான்.

வெள்ளைமுடி

எல்லாரும் பிள்ளைகள் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் அந்தப் பக்கத்து ஆள். என் வீட்டை என் பிள்ளைகள் காலி செய்தார்கள்.

நல்ல பிள்ளைகள். எதையும் கேட்காமல் தொடவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி "அம்மா, இது வேணுமா?" என்றார்கள். காலையில் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னேன். இது இன்னார் கொடுத்தது, இதன் மூடி அலமாரி மேலே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் எனக்கு முடியவில்லை. வேணுமா என்று குரல் வந்தாலே வேண்டாம் என்று வாய் சொல்லிவிட்டது. பொருளைப் பார்க்கக்கூட இல்லை. அம்மா எவ்வளவு பக்குவமாக இருக்கிறாள் பார் என்று பெரியவன் தம்பியிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்குக் களைப்பு, அவ்வளவுதான்.

அப்படிப் போனதில் ஒரு மர முக்காலி. சமையலறையில் ஏறி நின்று மேல் தட்டில் எடுக்க, குனிய முடியாதபோது உட்கார்ந்து கீழ்த் தட்டில் எடுக்க, இரண்டுக்கும் அதுதான். புது வீட்டில் எல்லாத் தட்டும் உயரம். ஒரு டப்பா எடுக்க மருமகளைக் கூப்பிடுகிறேன். அவள் முகம் சுளிக்காமல் வருகிறாள். கூப்பிட வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு.

கேட்கிறீர்கள், நல்லது. காலையில் கேளுங்கள். கொஞ்சம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். இது வேண்டுமா என்று கேட்காமல், இதை வைத்து என்ன செய்வாய் என்று கேளுங்கள். என் பிள்ளை அப்படிக் கேட்டிருந்தால் முக்காலிக்கு எனக்குப் பதில் இருந்தது.

கணக்குப்பிள்ளை

அம்மா, வணக்கம். நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் வண்டியில் இடம் என்று ஒன்று இருக்கிறது. காலையில் மட்டும் கேட்டால் எத்தனை காலை வேண்டும்? வீட்டை ஒப்படைக்கிற தேதி நமக்காக நிற்காது. முக்காலி எங்கேயும் கிடைக்கிற பொருள், போன இடத்தில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காததற்கு இடத்தைக் கொடுப்பதுதான் முறை.

வெள்ளைமுடி

தம்பி, வாங்கித் தந்தார்கள். நாலு விரற்கடை குட்டை. ஏறி நின்றால் கை தட்டின் விளிம்புவரைதான் போகிறது, உள்ளே இருப்பது எட்டவில்லை. பழையதன் உயரம் என் இடுப்பில் எங்கே வரும் என்று சின்னவனிடம் காட்டியிருக்கிறேன். ஆசாரியிடம் சொல்லிச் செய்துதருவதாகச் சொல்கிறான்.