புதுப்பிப்பு: வன்கொடுமைப் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது

டீக்கடை வாசலில் என் தம்பியைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள்; புகார் கொடுத்தும் காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடாமல், சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்ததற்கான வெறும் ஒப்புகைச் சீட்டு) அனுப்பிவிட்டார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பச் சொன்ன யோசனைதான். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-இல் விதி 5(3) இதற்கு இடம் தருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 18ஏ பிரிவையும் மனுவில் குறிப்பிட்டேன். அதன்படி, முதற்கட்ட விசாரணை முடியட்டும், அப்புறம் பதிவு செய்கிறோம் என்று போலீசார் இழுக்க முடியாது. அட்டை திரும்பி வந்த நான்காம் நாள் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகவே தந்தார்கள்.

எதிர்பாராதது: டி.எஸ்.பி.யே விசாரணைக்கு வந்தார். விதி 7-இன்படி அவருக்குக் கீழுள்ளவர் விசாரிக்கக் கூடாது. வாக்குமூலம் கொடுக்கும்போது தம்பிக்குக் கை நடுங்கியது, அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டார். கடைக்காரரும் சாட்சி சொல்ல முன்வந்தார், அதை நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

சாதிச் சான்றிதழ் நகலை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதில் இரண்டு நாள் போனது. இந்த வகைக் குற்றத்துக்கு நிவாரணத் தொகையில் 25 சதவீதம் எஃப்.ஐ.ஆர். கட்டத்திலேயே தர வேண்டும். அதற்கும் மனு கொடுத்திருக்கிறோம். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 நாள் கெடு.